மாதா தூணும் மூன்றாம் ஓலையும்

"சாமி, ஒரு தட கீது."

ஆண்கள் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தபோது நான் பெண்கள் பக்கத்துப் பாயில் முழங்கால் போட்டிருந்தேன். ராயபுரத்துக் கோயில், ஞாயிறு இரண்டாம் பூசை. கடல் காற்றில் கருவாட்டு வாசமும் மெழுகுவத்தி வாசமும் கலந்து வந்துகொண்டிருந்தன. என் பக்கத்தில் ரெஜினா அத்தை. புது முக்காடு, அதற்குள்ளே முகம் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் பூசையில் வாசிப்பார்கள். இவர்கள் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்பார்கள். அதற்குப் பெயர் ஓலை. யாரும் காதில் வாங்கமாட்டார்கள். மூன்றாம் ஓலை வாசிக்கும்போது பாதிப் பேர் மனதில் கல்யாணச் சாப்பாடு ஓடும்.

அத்தைக்கு அன்று மூன்றாம் ஓலை. வாசித்து முடிப்பதற்குள் எழுந்து நின்றவர் லாசர் மேஸ்திரி. திருவிழாத் தேருக்குப் பொறுப்பாளர். வெள்ளை வேட்டி, கழுத்தில் செபமாலை, கையில் மடித்த அங்கவஸ்திரம்.

"மாப்ளைக்காரன் மாதா செலைய ஒடச்சவன் சாமி. அவனே சொல்லிகீறான். நா மட்டும் இல்ல, பாட்டில் ஆல மொத்தமும் கேட்டுது."

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்த பத்திரிகை ஆசிரியர், "அம்மா, கொஞ்சம் சூட்டைக் குறைத்து எழுதுங்களேன்" என்று சொல்லி அனுப்பினார். தம்பி, நான் கண்ணாடி உலைக்குக் கரி போட்டவர் வீட்டுப் பெண். இந்த வாரம் சூடு இன்னும் ஏறும். வேண்டுமானால் பக்கத்தைக் கிழித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைச் சூசை

மாப்பிள்ளையின் பெயர் யோசெஃப். எங்கள் ஊரில் யோசேப்பு என்றால் சூசை, ஆகவே அவர் வெள்ளைச் சூசை. இங்கிலீஷ்காரர் இல்லை. செக் நாட்டுக்காரர், பிராக் நகரத்தில் பிறந்தவர். திருவொற்றியூரில் எங்கள் அப்பா வேலை பார்த்த பாட்டில் ஆலைக்கு உலை கட்டித் தர வந்தார். உலை எரிய ஆரம்பித்த நேரம், அவர் ஊரை ஜெர்மன்காரன் பிடித்துக்கொண்டான். திரும்பிப் போக வழியில்லை. இங்கேயே தங்கிவிட்டார்.

தமிழ் கற்றுக்கொண்டது உலைக்காரர்களிடம். ஆகவே மரியாதைத் தமிழ் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. சாமியாரைப் பார்த்தாலும் "இன்னா சாமி, துன்னியா?" என்றுதான் கேட்பார். சாமியார் சிரித்துவிடுவார்.

ரெஜினா அத்தை அப்பாவின் தங்கை. அந்த ஆலையின் மருந்துக் கொட்டகையில் நர்ஸ். என் அம்மா என்னைப் பெற்றுப்போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். வந்த வரன்களையெல்லாம் என்னைக் காட்டி, "பிலோ பெருசாவட்டும்" என்று தள்ளிவிட்டு, முப்பத்தாறு வயதில் நின்றாள். தலைவாரி விட்டது, காய்ச்சலுக்குக் கஞ்சி ஊட்டியது, எல்லாம் அவள் கை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் என்ன செய்தேன் என்று சொல்லும்போது இது வேண்டியிருக்கும்.

உலையில் யாருக்காவது கை வெந்தால் வெள்ளைச் சூசையே கூட்டிக்கொண்டு வருவார். கட்டுப் போடும்வரை நிற்பார். பிறகு யாருக்கும் கை வேகாத நாளிலும் வந்து நின்றார்.

வராத ராஜா

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நண்டுக் குழம்பை உறிஞ்சிக்கொண்டே அவர் தன் ஊர்க் கதை சொல்வார். அப்பா வெள்ளைக்கார ராஜாவைத் திட்டுவார். இவர் தன் ராஜாவைத் திட்டுவார். போட்டி நடக்கும்.

"ஒன் ராஜா லண்டன்ல குந்திகினு கீறான். எங்க ராஜா வியன்னால குந்திகினு இருந்தான். முன்னூறு, நானூறு வருசம் நைனா! ஹாப்ஸ்பர்க்னு ஒரே வம்சம். அப்பன், புள்ள, பேரன். எங்களுக்குன்னு தனியா ஒரு கிரீடம் இருந்துச்சு. வந்து அத்த தலைல வெச்சுக்கோ, எங்க ராஜாவா இருன்னு கெஞ்சிகினே இருந்தோம். கெயவன் ஒருத்தன் வரேன்னான். சாவுற வரிக்கும் வரல."

"வராதவனுக்கு எதுக்கய்யா வரி கட்டனீங்க?" என்பார் அப்பா.

"வரியா? புள்ளையே குடுத்தோமே!"

கோர்ட்டு கச்சேரிக்குப் போனால் ஜெர்மன் பாஷை. பூசையில் ராஜாவுக்காக ஜெபம். அவர் அப்பா தெருவில் ராஜா படத்தைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவாராம், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு திட்டுவாராம். "ரெண்டும் நெசம்தான்" என்பார் சூசை. "பயமும் நெசம், கோவமும் நெசம். தெருவுக்குத் தெரு ராஜாவோட போலீசுக்கு ஆள் காட்டறவன் இருந்தான். பக்கத்து வூட்டுக்காரன் இன்னா பேசறான்னு போய் ஊதுவான்." முதல் உலக யுத்தம் வந்தது. ராஜாவுக்காக அவர் அண்ணன் ரஷ்யாக்காரனோடு சண்டைக்குப் போனான். திரும்பவில்லை.

அதற்கு மேல் அவர் சொல்லமாட்டார். அத்தை இன்னொரு நண்டை எடுத்து அவர் தட்டில் வைப்பாள்.

தொரை மாதா

ஆலை வாசலில் ஒரு கல் தூண். தூணின் மேல் மாதா சிலை. பழைய மேனேஜர் தொரை வைத்தது. தூணின் அடியில் இங்கிலீஷ் ராஜாவின் கிரீடத்தைக் கல்லில் செதுக்கி வைத்திருந்தான்.

இரண்டாம் யுத்த காலத்தில் தினமும் காலையில் சங்கு ஊதியதும் எல்லாரும் அந்தத் தூணின் முன் முழங்கால் போட வேண்டும். ராஜா ஜெயிக்க ஜெபம். கிறிஸ்தவன், இந்து, முஸ்லிம் யாரானாலும் சரி. மண்டியிடாதவன் கேட்டுக்கு வெளியே போக வேண்டியதுதான். மூட்டு வலியில் குனிய முடியாத ஒரு கிழவரை என் கண்ணெதிரே கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள். மேலே மாதா பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஆலையில் "தொரை மாதா" என்று பெயர் வந்துவிட்டது. பெற்ற தாயை எவனோ ஒருவன் வாட்ச்மேன் வேலைக்கு வைத்ததுபோல எங்களுக்கு வயிறு எரிந்தது.

வெள்ளைக்காரன் கப்பலேறி, நாம் நம் கொடியை ஏற்றி முடித்த அதே வாரம், அந்த எரிச்சல் வெடித்தது.

கயிறு

அன்று மதியம் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் ஐம்பது, அறுபது பேர். ஒரு துறைமுக வடக்கயிறு மாதாவின் இடுப்பில் சுற்றியிருந்தது. முனையில் பச்சைத் துணி வைத்துத் தைத்திருந்தது. துறைமுகத்தில் ஒவ்வொரு மேஸ்திரியும் தன் கயிற்றுக்கு ஓர் அடையாளம் வைப்பான், இல்லையென்றால் அடுத்த கோஷ்டிக்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுவான். பச்சைத் துணி லாசர் மேஸ்திரியின் அடையாளம். எங்கள் ஆலைப் பாட்டில்களைக் கப்பலில் ஏற்றுகிற கோஷ்டிக்கு அவர்தான் மேஸ்திரி.

"தொரை பூட்டான், தொரை மாதா எதுக்கு? இஸ்டா!" என்று இழுக்கச் சொல்லிக் கத்தியவரும் அவரே. கயிற்றைப் பிடித்திருந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். ஒரு இழு. மாதாவின் வலது கை விரல் இரண்டு முறிந்து கீழே விழுந்தன.

வெள்ளைச் சூசை உலையிலிருந்து அப்படியே ஓடி வந்தார். பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்து லாசரு! நானும் முன்ன ஒரு தபா இஸ்துகீறேன். நா சொல்றத கேளு. அப்பால இஸ்துக்கோ."

யாரும் இழுக்கவில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது.

"எங்க ஊர்லயும் இதே மாதிரி தூணு. மேல மாதா. ராஜா வெச்சான். முன்ன ராஜா கிட்ட நாங்க தோத்த சண்டைக்கு ஜெயிச்சவன் வெச்ச கல்லுன்னு ஊரே சொல்லுச்சு. ராஜா ஒழிஞ்ச வாரம் கவுறு எட்தாந்தோம். எனக்கு இருவது வயசு. எங்கண்ணன நெனச்சிகினு இஸ்தேன். கீய வுயுந்துச்சு. தல தனியா பூட்ச்சு. எல்லாம் கை தட்டனோம்."

"அப்பால?" என்று யாரோ கேட்டார்கள்.

"அப்பால தெர்ஞ்சுது. அது நாங்க தோத்ததுக்கு வெச்ச கல்லே இல்ல. வேற ஒரு சண்டைல எதிரிய வுள்ள வுடாம எங்க ஊரு பசங்களே நின்னு ஊரக் காப்பாத்துனாங்க. அதுக்கு மாதாவுக்கு நன்றி சொல்லி வெச்சது. ராஜா பேரு இருந்துச்சு, அதான் எங்களுக்கு கண்ணு தெர்ல. எங்கம்மா சனிக்கெயமைக்கு சனிக்கெயமை அங்க போயி பாடுவா. நா இஸ்தேன்னு தெர்ஞ்சப்பறம் எங்கிட்ட பேசவே இல்ல. சாவுற வரிக்கும் பேசல."

அவர் தூணை ஒரு தட்டுத் தட்டினார்.

"இத்த இஸ்தா தொரை அயமாட்டான் லாசரு. அவன் கப்பல்ல கீறான். ஒங்க ஆத்தாதான் அயுவா."

பிறகு அவரே உளியும் சுத்தியும் கேட்டு வாங்கினார். தூணின் அடியில் இருந்த கிரீடத்தை மட்டும் கொத்தி எடுத்தார். "இது ராஜாவுது. மேல கீறது நம்முது." ஆலையே ஆர்ப்பரித்தது. லாசர் அவரைக் கட்டிக்கொண்டு, "நீ என் தோஸ்துடா!" என்று கன்னத்தில் முத்தம் கொடுத்தார். நான் பார்த்தேன். அப்பா கயிற்றை நழுவவிட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்ததையும் பார்த்தேன்.

கயிறு அங்கேயே கிடந்தது. அத்தை அதை எடுத்துப்போய் மருந்துக் கொட்டகையில் கட்டுத்துணி காயப்போடக் கட்டிக்கொண்டாள்.

சாமி கேட்ட கேள்வி

அப்புறம் எதற்கு லாசர் தடை சொன்னார் என்கிறீர்களா? சொல்கிறேன். எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதுச் சாமியார் வந்தார். மாதாவின் விரல் முறிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று விசாரிக்க ஆரம்பித்தார். செய்தவன் யாரானாலும் தேர்ப் பக்கம் வரக்கூடாது என்றார். தேருக்குப் பொறுப்பாளர் யார்? லாசர். போதுமா?

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். எங்கள் ஆள் செபமாலை உருட்டிக்கொண்டே இடித்தார். இடித்ததோடு விட்டாரா, தடுத்தவன் தலையில் அதைக் கட்டினார்.

சாட்சியும் பலமாக இருந்தது. தூணின் அடியில் உளி பட்ட இடத்தை ஊரே பார்த்திருக்கிறது, உளியைப் பிடித்த கை யாருடையது என்றும் தெரியும். சிலையை இழுத்தேன் என்று அவரே வாயால் சொன்னதும் தெரியும். பாதி உண்மையை எடுத்து எவ்வளவு அழகாகப் பொய் கட்டலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் ஓலை அன்று, லாசர் தடை சொன்னதும் சாமியார் கேட்டார்: "இது உண்மையா?"

வெள்ளைச் சூசை எழுந்தார். "ஆமா சாமி. எங்க ஊர்ல. நான்தான் இஸ்தேன்."

"இங்கே? விரலை முறித்தது?"

அவர் லாசரைப் பார்த்தார். என் அப்பாவைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

மூன்றாம் ஓலை அதோடு நின்றது. தடை பங்குப் புத்தகத்தில் ஏறிவிட்டது. தடை சொன்னவர் திரும்பப் பெற்றால்தான் கல்யாணம் என்று சாமியார் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கத்தினாள். "ஏன்யா சொல்லல? வாய் இல்ல?"

"ஆள் காட்டறது எங்க ஊர்ல ராஜாவோட போலீஸ் வேல ரெஜினா. அத்த நா செய்யமாட்டேன். அவுங்களா சொல்லட்டும்."

அப்பா மூலையில் உட்கார்ந்து பீடியைப் பற்ற வைத்தார். அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? லாசரின் மகன் பெர்னார்டுக்கு என்னை நிச்சயம் செய்திருந்தது. எனக்கு முதல் ஓலை அடுத்த மாதம்.

எனக்கு ஞாபகம் இல்லை

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து சாமியார் ஆசீர் கொடுத்ததும் ரெஜினா அத்தை எழுந்தாள். பாயோரம் வைத்திருந்த ஒரு துணி மூட்டையை எடுத்தாள். பெண்கள் பக்கத்தைத் தாண்டி, நடுவழியைத் தாண்டி, ஆண்கள் பக்கத்துக்குள் போனாள். எங்கள் கோயிலில் அதுவரை எந்தப் பெண்ணும் அப்படிப் போனதில்லை. லாசரின் பாயில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாள். வடக்கயிறு. முனையில் பச்சைத் துணி.

"லாசரண்ணே, ஒங்க கவுறு. தொலஞ்சி போச்சேன்னு தேடிகினு இருந்திருப்பீங்க."

லாசர் அதைத் தொடவில்லை. "யாரு கவுறோ, இன்னா எயவோ. இத்த ஏம்மா எங்கிட்ட எட்தாந்த?"

"மாதா இடுப்புல கீறப்போ இது ஒங்க கவுறு. இப்ப யாரு கவுறோவா?" அத்தை சுற்றிப் பார்த்தாள். ஆலைக்காரர்கள் நாற்பது பேராவது அங்கே இருந்தார்கள். அந்தக் கயிற்றைப் பிடித்த கைகள் எல்லாம் கூப்பியபடி இருந்தன. "சொல்லுங்கய்யா! ஒருத்தனுக்குக்கூடவா வாய் இல்ல? அண்ணே, நீ சொல்லேன்!"

அப்பா தரையைப் பார்த்தார்.

அத்தை என் பக்கம் திரும்பினாள். இன்றைக்கும் அந்த முகம் எனக்கு அப்படியே நிற்கிறது. கெஞ்சவில்லை. என்னை நம்பினாள், அவ்வளவுதான்.

"பிலோ, நீ அன்னிக்கி தூக்கு எடுத்துகினு வந்தியே. நீதான் எல்லாம் பாத்தியே. சாமி கிட்ட சொல்லும்மா."

எனக்கு வயது பத்தொன்பது. கல்யாணப் புடவை வாங்கி வைத்திருந்தார்கள். அரக்கு நிறம், சரிகை போட்டது. நான் அந்தப் புடவையை நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், புடவையைத்தான் நினைத்தேன்.

"எனக்கு ஞாபகம் இல்ல அத்த" என்றேன்.

அத்தை குனிந்தாள். கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அடுத்த மாதம் எனக்கு மூன்று ஓலையும் தடையில்லாமல் வாசித்தார்கள். என் தலையில் பூ வைத்தது அவள்தான். ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். பேசவில்லை, பாவி மகள்.

தலைமாடு

ரிஜிஸ்தர் ஆபீசில் கட்டிக்கொள்ளலாமே என்று பலபேர் சொன்னார்கள். "நா ஏன் ஓடணும்? தப்பு செஞ்சவனா நானு?" என்றாள் அத்தை. "என் மாதா முன்னாடிதான். மூணாவது ஓல படிச்சுத்தான்." ஆறு வருடம் இரண்டு பேரும் ஞாயிறுதோறும் வந்தார்கள். அவர் ஆண்கள் பக்கம் கடைசியில், இவள் பெண்கள் பக்கம் கடைசியில். பூசை முடிந்தால் கோயில் வாசலில் நின்று பத்து நிமிடம் பேசுவார்கள். அவ்வளவுதான் அவர்கள் குடும்பம் நடத்தியது.

என் மாமனாராகிவிட்ட லாசரிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். சோறு போட்டுக்கொண்டே, "மாமா, அந்தத் தடைய வாபஸ் வாங்கக் கூடாதா?" என்றேன். "குயம்பு ஊத்து" என்றார். ஊற்றினேன்.

உலைப் புகை வெள்ளைச் சூசையின் நெஞ்சைத் தின்றுவிட்டது. மழைக்காலத்தில் போய்விட்டார். காலடிப்பேட்டையில் அவருடைய ஒற்றை அறையில் பிணத்தைக் கிடத்தினார்கள். தலைமாட்டில் உட்கார பெண்டாட்டிக்குத்தான் உரிமை. அத்தை யார்? அண்டை வீட்டுப் பெண்களோடு வாசற்படிப் பக்கம் உட்கார்ந்தாள். தலைமாட்டுக்கு வரச்சொல்லி நானாவது இழுத்துப் போயிருக்கலாம். செய்யவில்லை. ஜெபம் சொல்லி நடத்தியவர் யார் தெரியுமா? லாசர். குரல் கம்ம, கண்ணீர் விட்டு, உருகி உருகி நடத்தினார்.

கல்லறையில் குழியில் பெட்டி இறங்கியதும், "சொந்தக்காரங்க யார்னா மொதல் மண்ணு போடுங்க" என்றார் லாசர். அத்தை ஓரடி முன்னால் வந்தாள். லாசர் பார்க்காததுபோலக் குனிந்து, தானே ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். அந்தக் கை வெந்து போகவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்.

இப்போது லாசரும் இல்லை, அப்பாவும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. அத்தை போய் வெகுகாலம் ஆகிறது. அவள் பெட்டியில் அந்தக் கயிறு இருந்தது, பச்சைத் துணி வெளுத்துப் போய். ஆலை மூடியபின் அந்த மாதாவைக் கோயில் முற்றத்துக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். முறிந்த விரல்களைச் சிமெண்டில் செய்து ஒட்டியிருக்கிறார்கள். அடியில் சலவைக்கல்லில், இந்த மாதாவைக் காத்தவர் லாசர் மேஸ்திரி என்று வெட்டியிருக்கிறது. வருடா வருடம் திருவிழாவில் அந்தக் கல்லுக்கும் மாலை போடுகிறார்கள். அவர் மருமகள் என்று என்னை முன்னால் உட்கார வைக்கிறார்கள்.

இந்த வருடம் நான் போகவில்லை. அதற்குப் பதில் இதை எழுதினேன். பாதியில் நின்ற ஓலையை இங்கே வாசிக்கிறேன்.

ராயபுரம் பங்கைச் சேர்ந்த ரெஜினா மேரிக்கும், செக் நாட்டில் பிராக் நகரத்தில் பிறந்து திருவொற்றியூரில் வசித்த யோசேப்புக்கும் நடக்க வேண்டிய திருமணம். மூன்றாம் ஓலை. தடை தெரிந்தவர் யாரும் இல்லை.

கயிறு லாசருடையது. முனையில் பச்சைத் துணி. அவர்தான் கட்டினார், என் அப்பா பிடித்து இழுத்தார், வெள்ளைச் சூசை ஓடி வந்து தடுத்தார். நான் தூக்கோடு வாசலில் நின்று பார்த்தேன்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது அத்தை. எல்லாமே ஞாபகம் இருக்கிறது.